ஒரு மாதம் நேரில், ஒரு மாதம் வீடியோவில் டாக்டரைப் பார்த்தால் போதுமா? (முதல் குழந்தை, 23வது வாரம், வால்பாறை)

மலைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் குழந்தை, 23வது வாரம் நடக்கிறது. வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறோம். ஆரம்பத்திலிருந்து பொள்ளாச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டி வருகிறேன். இங்கிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல், 40 கொண்டை ஊசி வளைவு. பஸ் ஆழியாறு இறங்குவதற்குள் இரண்டு மூன்று தடவை வாந்தி வந்துவிடும். போய், காத்திருந்து, பார்த்து, திரும்பி வர ஒரு முழு நாள், வீட்டுக்காரருக்கு ஒரு நாள் லீவு. டாக்டர் பார்ப்பதோ பத்து நிமிடம்.

போன முறை டாக்டரே சொன்னார்: "ஸ்கேன் நன்றாக இருக்கிறது, பிரஷர், சுகர் எதுவும் இல்லை, இனி ஒரு மாதம் நேரில் வாருங்கள், ஒரு மாதம் வீடியோவில் பேசிக்கொள்ளலாம், வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்." கேட்டதும் எனக்கு நிம்மதிதான். ஆனால் என் மாமியார் ஒத்துக்கொள்ளவே இல்லை. "வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் அது என்ன வைத்தியம்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரி தெரிகிறது, அதனால்தான் குழம்பிப் போயிருக்கிறேன். ஹீமோகுளோபின் மட்டும் 10.2, மாத்திரை சாப்பிடுகிறேன்.

இப்படிப் பார்த்துக் குழந்தை பெற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? குழந்தைக்கோ தாய்க்கோ இதனால் பாதிப்பு வருமா என்று யாராவது ஆராய்ந்து பார்த்திருக்கிறார்களா?

தாளவாடி நர்சம்மா எழுதியது:

கண்ணு, நான் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், அதில் பாதிக்கு மேல் தாளவாடி மலையில். போன் இல்லாத காலத்தில் வேலையை ஆரம்பித்தேன், கடைசி வருடங்களில் நானே துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து டாக்டரிடம் வீடியோவில் கர்ப்பிணிகளைக் காட்டியிருக்கிறேன். இரண்டையும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், உன் மாமியார் சொல்வதும் சரி, டாக்டர் சொல்வதும் சரி. இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும்.

கை வைத்துப் பார்ப்பதில் என்ன தெரியும் என்று கேட்பாய். இன்ச் டேப்பை அடிவயிற்று எலும்பில் வைத்து மேலே கர்ப்பப்பை முடியும் இடம் வரைக்கும் இழுத்து அளப்போம். 20 வாரத்துக்கு மேல் எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்கும், ஒன்றிரண்டு கூடக் குறைய வரலாம். 30வது வாரத்தில் வந்து டேப் 25தான் காட்டுகிறது என்றால் குழந்தை சரியாக வளரவில்லையோ என்று அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்புவோம். அப்புறம் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போம், எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால் அது வெறும் களைப்பு வீக்கம் இல்லை, உடனே பிரஷரும் யூரினில் புரதமும் பார்க்க வேண்டும். கண் இமையை இழுத்துப் பார்த்தால் ரத்தசோகை தெரியும். இதெல்லாம் வீடியோவில் வராது.

ஆனால் இதற்குப் பொள்ளாச்சி வரை இறங்க வேண்டிய அவசியமும் இல்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் அரசு தருகிற பிக்மி எண் வாங்கியிருப்பாய்தானே? அப்படியென்றால் உன் பகுதி செவிலியரின் பதிவேட்டில் உன் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. வீடியோவில் பேசப்போகிற மாதத்தில், பேசுவதற்கு இரண்டு நாள் முன்னாடி துணை சுகாதார நிலையத்துக்கோ வால்பாறை அரசு மருத்துவமனைக்கோ போய் எடை, பிரஷர், வயிற்று அளவு, குழந்தையின் துடிப்பு, யூரின், ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் பார்த்து தாய்-சேய் அட்டையில் எழுதி வாங்கிக்கொள். தனியாரில் காட்டுகிறோமே, அரசு நர்சிடம் எப்படிப் போவது என்று நிறையப் பெண்கள் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கமே வேண்டாம். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசினால் அது முழு வைத்தியம். அட்டை இல்லாமல் பேசினால் நலம் விசாரிப்பு.

24 முதல் 28 வாரத்துக்குள் சுகர் டெஸ்ட் இருக்கிறது, அதற்கு நேரில்தான் போக வேண்டும். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகால சர்க்கரை. முதல் தடவை நார்மல் என்று வந்ததால் இதை விட்டுவிடாதே, இந்த வாரங்களில்தான் அது தலை தூக்கும்.

ரத்தம் 10.2 என்பது பயப்படுகிற அளவு இல்லை, 11க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான், 7க்குக் கீழே போனால்தான் கடுமையானது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள். நீ இருப்பது தேயிலைத் தோட்டம். இரும்புச் சத்து மாத்திரை போட்டதும் டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் மாத்திரை பாதி வீண். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்துப் போடாதே, ஒன்று காலை, ஒன்று ராத்திரி.

மெல்பர்ன் அம்மா எழுதியது:

நான் மதுரைக்காரி, மெல்பர்னில் இருக்கிறேன். 2020 கொரோனா ஊரடங்கின்போது எனக்கு ஐந்தாவது மாதம். ஒரே வாரத்தில் எல்லாம் மாறியது, பாதிப் பார்வைகள் போனில் அல்லது வீடியோவில் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா ஊரிலிருந்து வர முடியாது, டாக்டரையும் நேரில் பார்க்க முடியாது என்றதும் அழுதே விட்டேன். பிரஷர் மெஷின் வாங்கச் சொன்னார்கள், வயிற்றை டேப்பில் எப்படி அளப்பது என்று வீடியோவில் காட்டித் தந்தார்கள். என் வீட்டுக்காரர் அளப்பார், நான் தாளில் எழுதுவேன். மகளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது, நன்றாக இருக்கிறாள்.

ஆராய்ச்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே மெல்பர்னில் மோனாஷ் ஹெல்த் என்ற பெரிய அரசு மருத்துவ அமைப்பு அந்த நேரத்து விவரங்களைத் தொகுத்து 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. சுமார் 20,000 கர்ப்பகாலப் பார்வைகள், அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் போன் அல்லது வீடியோ வழியாக நடந்தவை. அதற்கு முந்தைய இரண்டு வருடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது வளர்ச்சி குன்றிய குழந்தைகள், பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் பிரீஎக்லாம்சியா, கர்ப்பகால சர்க்கரை, வயிற்றிலேயே குழந்தை இறப்பது, இவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் டல்லாஸ் பார்க்லேண்ட் மருத்துவமனையில் வீடியோ கூட இல்லாமல் வெறும் போன் பேச்சாகவே சில பார்வைகளை மாற்றினார்கள், அங்கும் பிரசவ முடிவுகள் மோசமாகவில்லை. அமெரிக்காவிலேயே மேயோ கிளினிக் மருத்துவமனையில் கொரோனாவுக்கு முன்பே, சிக்கல் இல்லாத 300 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள், நேரில் வருவதைக் குறைத்து நர்சோடு போனில் பேச வைத்த பிரிவில் பெண்களுக்கு மனத்திருப்தி கூடியிருந்தது.

அதனால் பயப்படாமல் செய்யலாம் என்பது என் எண்ணம். எனக்கு அதில் பிடித்தது ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் கேட்க நினைத்ததெல்லாம் மறந்து போகும். வீட்டில் என் இடத்தில் உட்கார்ந்து பேசியபோது எழுதி வைத்ததை ஒவ்வொன்றாகக் கேட்க முடிந்தது.

தஞ்சை மகள் எழுதியது:

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, ஆனால் இதை எழுதாமல் போகவும் மனம் வரவில்லை. 2021இல் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது எனக்கு 32வது வாரம். ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், போனில் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். பேசினேன். "எப்படி இருக்கிறீர்கள்" என்றார்கள், "நல்லா இருக்கேன், கால் கொஞ்சம் வீங்குது" என்றேன். "இந்த மாதத்தில் அப்படித்தான், காலைத் தூக்கி வைத்துப் படுங்கள்" என்றார்கள். நாலு நிமிடத்தில் முடிந்தது. வீட்டில் பிரஷர் மெஷின் இல்லை, யாரும் வாங்கச் சொல்லவும் இல்லை. மோதிரம் விரலை விட்டுக் கழலவில்லை, சோப்புப் போட்டுக் கழற்றினேன். அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாலாவது நாள் ராத்திரி தலைவலி, மாத்திரைக்கும் கேட்காத தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி இருந்தது, நெஞ்சுக்குக் கீழே வலது பக்கம் வலி. அசிடிட்டி என்று நினைத்து மோர் குடித்துவிட்டுப் படுத்தேன். என் அண்ணிதான் 108ஐக் கூப்பிட்டார். போய்ச் சேர்ந்தபோது பிரஷர் 170/110. பிட்ஸ் வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி போட்டு, அன்றைக்கே ஆபரேஷன். மகன் 1.6 கிலோ, பச்சிளம் குழந்தைகள் வார்டில் 20 நாள் இருந்தான். இப்போது ஓடியாடுகிறான், ஆனால் அந்த 20 நாளை என்னால் மறக்க முடியவில்லை.

எனக்கு நடந்ததை மருத்துவம் என்றே நான் சொல்லமாட்டேன். அது ஒரு போன் பேச்சு. மெல்பர்ன் தோழிக்கு நடந்ததும் எனக்கு நடந்ததும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான், இரண்டு பேரும் போனில் பேசினோம். அவர் கையில் தாள் இருந்தது, அதில் எண்கள் இருந்தன. என் கையில் ஒன்றும் இல்லை. மலைச்சாரல், அந்த மெஷினை வாங்கிவிட்டுத்தான் முதல் வீடியோ பேச வேண்டும் தோழி. அப்புறம் சின்ன விஷயம் என்று நினைத்து எதையும் விழுங்காதீர்கள். நேரில் போயிருந்தால் என் முகத்தைப் பார்த்தே நர்ஸ் கண்டுபிடித்திருப்பார். போனில் நாம் சொன்னால்தான் உண்டு.

சமூக மருத்துவம் படிப்பவன் எழுதியது:

தஞ்சை அக்கா எழுதியதைப் படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை. நான் முதுநிலை மாணவன், தாய்-சேய் நலம்தான் என் ஆர்வம். மெல்பர்ன் அக்கா சொன்ன ஆய்வுகள் எனக்கும் தெரியும், ஆனால் அவற்றை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். அங்கே போனில் பேசியவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் சீக்கிரம் ஆஸ்பத்திரி போய்விடலாம். முக்கியமான வாரங்களில் நேரில் பார்ப்பதை அங்கே யாரும் நிறுத்தவும் இல்லை.

மெஷின் வாங்கிவிட்டால் போதும் என்பதும் முழுதாகச் சரியில்லை. இங்கிலாந்தில் பம்ப் என்ற பெரிய ஆய்வு, முடிவுகள் 2022இல் வந்தன. பிரஷர் வர வாய்ப்பு அதிகமுள்ள 2,441 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு வீட்டிலேயே அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் பிரஷர் கண்டுபிடிக்கப்பட்ட நாள் அதனால் முன்னால் வரவில்லை. எனக்குப் படுவது, அந்தப் பெண்கள் ஏற்கெனவே அடிக்கடி நேரிலும் பார்க்கப்பட்டவர்கள், அதனால் மெஷின் புதிதாகச் சேர்த்தது கொஞ்சம்தான். உங்களைப் போல மலையில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. ஆனாலும் மெஷினில் 150 வந்தால் யாரிடம் சொல்வது, அவர் என்ன செய்வார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் அது அலமாரியில் இருக்கிற ஒரு பொருள், அவ்வளவுதான்.

நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு ஆய்வு நடந்தது. கர்நாடகத்தில் பெலகாவி, பாகல்கோட்டை பகுதிகளில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து, கையிலிருந்த கணினிச் செயலி சொல்கிறபடி மாத்திரை தருவது, மருத்துவமனைக்கு அனுப்புவது என்று செய்தார்கள். பாகிஸ்தானிலும் மொசாம்பிக்கிலும் இதே ஏற்பாடு. 2020இல் வந்த முடிவில் மொத்தமாகப் பார்த்தால் இறப்போ பாதிப்போ குறையவில்லை. ஆனால் 8 முறையோ அதற்கு மேலோ பார்க்கப்பட்ட பெண்களிடம் பாதிப்பு குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் கர்ப்பகாலத்தில் குறைந்தது 8 முறை பார்க்க வேண்டும் என்று சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது. அதனால் வீடியோ என்பது 8ஐ 12 ஆக்குவதற்குப் பயன்பட வேண்டும், 8ஐ 4 ஆக்குவதற்கு அல்ல. நர்சம்மா சொன்ன வழியில் உங்களுக்கு எண்ணிக்கை கூடுகிறது, அதனால்தான் அது எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு 54, நாடு முழுக்கச் சேர்த்து 97. கிராமத்தில் அந்த நர்ஸ் இருந்ததற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. போன் வந்துவிட்டது என்று அவரை ஒதுக்கினால் கட்டியதை நாமே இடிப்பது போல.

பிரசவத்துக்குப் பிறகு பிரஷர் பார்ப்பது பல நேரம் விட்டுப்போகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரீஎக்லாம்சியா குழந்தை பிறந்த பிறகும் வரும், பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் கர்ப்பகாலத்தில் பிரஷர் இருந்த 206 பெண்களில் பாதிப் பேருக்கு மெஷின் கொடுத்து, அளவைக் குறுஞ்செய்தியில் அனுப்பச் சொன்னார்கள். முதல் பத்து நாளில் அளவு கிடைத்தது 92 சதவீதம் பேரிடம். நேரில் வரச் சொன்ன பிரிவில் 44 சதவீதம் பேரிடம்தான். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? தொலைமருத்துவத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பேன்.

கூடலூர் அப்பா எழுதியது:

நாங்களும் மலைதான். ஒன்றே ஒன்று. மழைக்காலத்தில் சிக்னலை நம்பாதீர்கள். என் மனைவிக்கு இரண்டு தடவை பேச்சின் நடுவில் வீடியோ நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எண்களையும் கேள்விகளையும் முதலிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, சாதாரண போனில் பேசினோம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறையில் போனில் பேசுவதும் செல்லும், மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும், அதைப் பார்த்து வாங்குங்கள். அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியும் இருக்கிறது, இலவசம், உங்கள் டாக்டர் கிடைக்காத நாளில் கைகொடுக்கும். அப்புறம் ராத்திரி யானை நிற்கிற ரோடு அது, வண்டி யாருடையது, யார் ஓட்டுவது என்று இப்போதே பேசி வையுங்கள்.

மலைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தஞ்சை அக்கா, மோதிரம் விஷயத்தைப் படித்ததும் என் விரலைப் பார்த்துக்கொண்டேன். மாமியாருக்கும் முழுவதும் படித்துக் காட்டினேன். நர்சம்மா எழுதியதைக் கேட்டுவிட்டு "இதைத்தான் நானும் சொன்னேன்" என்றார், இப்போது அவரே என்னோடு துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறேன் என்கிறார்.

இன்னொரு கேள்வி. குழந்தையின் துடிப்பை வீட்டிலேயே கேட்கிற டாப்ளர் கருவி ஆன்லைனில் விற்கிறது. தம்பி வாங்கித் தருகிறேன் என்கிறான். வாங்கலாமா?

தாளவாடி நர்சம்மா எழுதியது:

வேண்டாம் கண்ணு. அதில் உன் நாடித் துடிப்பே கேட்கும், அல்லது நஞ்சுக்கொடியில் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும், குழந்தை என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடுவாய். அசைவு குறைந்த அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டால் அதுதான் ஆபத்து. அந்தக் காசுக்கு நல்ல பிரஷர் மெஷின் வாங்கு, மணிக்கட்டில் கட்டுகிறது வேண்டாம், மேல்கையில் கட்டுகிறது, பட்டை உன் கைக்குப் பொருந்த வேண்டும். துணை சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய் அங்குள்ளதோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்.

அளக்கிறதுக்கு முன்னால் யூரின் போய்விட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரண்டு காலும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், தலையணை வைத்துக்கொள். பேசிக்கொண்டே அளக்காதே. 140/90 வந்தால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார், அப்போதும் அப்படியே என்றால் அன்றைக்கே டாக்டரிடம் சொல். 160/110 என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காதே, 108. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, ரத்தம், நீர் உடைவது, இதற்கெல்லாமும் அப்படித்தான், மெஷின் என்ன காட்டினாலும் சரி.

28 வாரத்துக்கு மேல் மதியம் சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணு. இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். வழக்கத்தைவிடக் குறைகிறது என்று உன் மனதுக்குப் பட்டாலே எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்பு. 36 ஆனதும் மலையில் இருக்காதே, அம்மா வீடு கீழே இருந்தால் அங்கே போய்விடு. இல்லையென்றால் செவிலியரிடம் கேள், மலைப்பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் முன்கூட்டியே வந்து தங்குகிற அறை உண்டு.

மலைச்சாரல் எழுதியது (9 நாள் கழித்து):

தெரிவிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமை மாமியாரும் நானும் துணை சுகாதார நிலையத்துக்குப் போனோம். செவிலியர் அக்கா நான் தனியாரில் காட்டுகிறேன் என்று ஒன்றும் சொல்லவில்லை, "இத்தனை நாள் ஏன் வரவில்லை" என்று மட்டும் கேட்டார். பிரஷர் 112/70, என் மெஷினில் 114/72. வயிறு 24 சென்டிமீட்டர். யூரினில் புரதம் இல்லை. துடிப்பைக் கேட்க வைத்தார், மாமியார் கண் கலங்கிவிட்டார். ரத்தம் 10.4, டீயை மாற்றி ஒரு வாரம்தான் ஆகிறது.

நேற்று டாக்டரோடு வீடியோ. சிக்னல் போய்விட்டது, கூடலூர் அண்ணன் சொன்ன மாதிரி எண்களை முன்பே அனுப்பியிருந்ததால் போனில் பேசி முடித்தோம், பதினெட்டு நிமிடம். மாதா மாதம் துணை சுகாதார நிலைய அளவுகள் இருந்தால் சரி என்றார், 32வது வாரத்துக்குப் பிறகு வீடியோ மட்டும் என்பது கிடையாது என்றும் சொல்லிவிட்டார். 150 வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று கேட்டேன், ராத்திரி டியூட்டி எண்ணைக் கொடுத்தார். அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். சுகர் டெஸ்டுக்கு அடுத்த திங்கள் பொள்ளாச்சி இறங்குகிறோம். பஸ் வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் ஜீப் தருகிறேன் என்றிருக்கிறார்.